ஒசுதாகா மலைமுகட்டு நினைவிடம்: செல்ல விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜப்பானின் குன்மா மாகாணத்தில், காட்டு மலைகளுக்கு நடுவே, 1985ஆம் ஆண்டு விமான விபத்தில் இறந்த 520 பேருக்கான நினைவிடம் இருக்கிறது. ஜப்பானில் வேலைக்காகவோ படிப்புக்காகவோ தங்கியிருக்கும் தமிழர்களும், சுற்றுப்பயணமாக வருபவர்களும் அங்கே போவதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் அங்கே ஒருமுறை மே மாதத்திலும் ஒருமுறை அக்டோபரிலும் சென்றிருக்கிறேன். ஆங்காங்கே வரும் சொந்தக் குறிப்புகள் அந்த இரண்டு பயணங்களைச் சேர்ந்தவை.

அங்கே நடந்தது என்ன?

1985 ஆகஸ்ட் 12 மாலை 6.12 மணிக்கு, ஜப்பான் ஏர்லைன்ஸின் 123ஆம் எண் விமானம் டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து ஒசாகாவுக்குப் புறப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான உள்நாட்டுப் பயணம். முன்னோர்களின் ஆவி வீடு திரும்புவதாக நம்பப்படும் ஓபோன் நாட்கள் நெருங்கியிருந்ததால், ஊருக்குப் போவோரும் அலுவல் முடித்துத் திரும்புவோருமாக அந்த போயிங் 747 ஏறக்குறைய நிரம்பியிருந்தது: பயணிகள் 509 பேர், பணியாளர்கள் 15 பேர். கிளம்பிய 12 நிமிடங்களில் பின்பகுதியில் வெடிப்பு போன்ற ஓசை கேட்டது. வால் செங்குத்துச் சிறகின் பெரும்பகுதி பிய்ந்து விழுந்தது. சுக்கான் முதலிய கட்டுப்பாட்டுப் பகுதிகளைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் நான்கு ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. முக்கியமாக எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும்தான் விமானிகள் அதை 32 நிமிடங்கள் வானில் வைத்திருந்தார்கள். மாலை 6.56 மணிக்கு, ஏறத்தாழ 1,565 மீட்டர் உயரத்தில், உயெனோ கிராமத்து எல்லைக்குட்பட்ட முகட்டில் அது மோதியது. உயிர் பிழைத்தவர்கள் நால்வர். நால்வரும் பின் இருக்கைகளில் இருந்த பெண்கள், அவர்களில் இருவர் சிறுமிகள். தனியொரு விமானத்துக்கு நேர்ந்த விபத்துகளில் இதைவிட அதிகமானோரைப் பலிகொண்டது வேறு எதுவும் இல்லை. 1963இல் அமெரிக்க இசைத் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாடலைப் பாடிய கியூ சகமோட்டோவும் இறந்தவர்களில் ஒருவர்.

விபத்துக்குக் காரணம் என்ன?

அதே விமானம் 1978 ஜூன் 2 அன்று ஒசாகாவில் தரையிறங்கும்போது வாலை ஓடுபாதையில் உரசியது. விமானத்தின் உட்புறக் காற்றழுத்தத்தைப் பின்பக்கம் தாங்கி நிற்கும் குவிமாடம் போன்ற தடுப்புச் சுவர் அப்போது சேதமடைய, போயிங் நிறுவனத்தின் குழு அதைப் பழுதுபார்த்தது. இணைப்பில் ஒரே துண்டாக இருந்திருக்க வேண்டிய உலோகத் தகடு இரண்டு துண்டுகளாக வெட்டிப் பொருத்தப்பட்டதால், இரண்டு வரிசை ரிவெட்டுகள் (தகடுகளைப் பிணைக்கும் ஆணிகள்) சுமக்க வேண்டிய பாரத்தை ஒரு வரிசை மட்டுமே சுமந்தது. அதற்குப் பிறகு 12,300க்கும் அதிகமான பறப்புகளில் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, கடைசியில் சுவர் பிளந்தது என்று 1987இல் வெளியான அரசு விசாரணை அறிக்கை கூறுகிறது. இதை இங்கே சற்று விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. மலையில் எதிர்ப்படும் பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால் இருப்பது புயலோ மின்னலோ அல்ல, ஒரு தகடு என்பதைத் தெரிந்துகொண்டு ஏறுவதும் தெரியாமல் ஏறுவதும் ஒன்றல்ல.

நினைவிடம் இருப்பது ஒசுதாகா மலையிலா?

இல்லை. 1,639 மீட்டர் உயரமுள்ள ஒசுதாகா மலை பக்கத்தில் தனியாக இருக்கிறது. விமானம் மோதியது தகாமகஹாரா என்ற வேறொரு மலையிலிருந்து கிளைத்து இறங்கும் ஒரு முகட்டில். முதல் நாட்களில் செய்திகளில் ஒசுதாகா என்ற பெயர் பரவிவிட்டது. பிறகு கிராமத் தலைவர் தகெயோ குரோசாவா, பெயரில்லாதிருந்த அந்த முகட்டுக்கு ‘ஒசுதாகா முகடு’ என்றே பெயரிட்டார். போர்க்காலத்தில் கடற்படைப் போர் விமானியாக இருந்தவர் அவர். மலையேற்ற வரைபடத்தில் ஒசுதாகா மலையைத் தேடிப் புறப்படுபவர்கள் வேறு இடத்துக்குப் போய்ச் சேருவார்கள்.

உயெனோ என்பது டோக்கியோவில் விலங்குக் காட்சிச்சாலை இருக்கும் உயெனோதானே?

அதுவும் அல்ல. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, ஊர் வேறு. நாம் சொல்லும் உயெனோ, கன்னா ஆற்றின் தலைப்பகுதியில், ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழும் மலைக்கிராமம். வழிகாட்டிச் செயலியில் ‘குன்மா மாகாணம், உயெனோ கிராமம்’ என்று முழுதாக இட்டுத் தேட வேண்டும்.

எந்த மாதங்களில் போகலாம்?

வழக்கமாக ஏப்ரல் கடைசியில் பாதை திறக்கப்பட்டு, நவம்பர் நடுவில் பனிக்காலத்துக்காக மூடப்படுகிறது. மூடிய காலத்தில், ஏறும் பாதை தொடங்கும் மலைவாசலுக்குச் செல்லும் சாலையும் அடைக்கப்படுவதால், ‘கொஞ்சம் நடந்து பார்க்கலாம்’ என்ற எண்ணத்துக்கு இடமே இல்லை. திறந்திருக்கும் மாதங்களிலும் கனமழைக்குப் பின் மண்சரிவால் சாலை மறிக்கப்படுவதுண்டு. 2019 அக்டோபர் புயல் இந்தப் பாதையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. ஆகவே புறப்படுவதற்கு முந்தைய நாள் கிராம அலுவலகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் இளந்தளிர், அக்டோபர் பிற்பகுதியில் இலை சிவக்கும் காலம். இவை இரண்டும் நல்ல பருவங்கள். கோடையில் பிற்பகல் இடி இங்கே வாடிக்கை என்பதால், ஜூலையிலும் ஆகஸ்டிலும் செல்பவர்கள் நண்பகலுக்குள் இறங்கிவிடும்படி திட்டமிட வேண்டும்.

எப்படிப் போவது? ரயிலும் பேருந்தும் போதுமா?

போதாது. கிராமம் வரை பேருந்து உண்டு, ஆனால் அது நீண்ட பயணம், நாளுக்குச் சில சேவைகள்தான். கிராமத்திலிருந்து மலைவாசலுக்குப் பொதுப் போக்குவரத்து எதுவும் கிடையாது. நடந்து போகும் தூரமும் அல்ல. உண்மையில் இந்தப் பயணத்தின் கடினமான பகுதி மலையேற்றம் அல்ல, மலைவாசலை அடைவதுதான்.

நான் பரிந்துரைப்பது இந்த வழி: டோக்கியோவிலிருந்து தகாசாகி வரை ஷின்கான்சென் ரயில், அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே வாடகைக் கார் எடுத்து, விரைவுச்சாலையில் ஷிமோனிட்டா வெளியேற்றம் வரை சென்று, அங்கிருந்து நீண்ட சுரங்கச் சாலை வழியாகக் கிராமத்துக்குள் இறங்க வேண்டும். தகாசாகியிலிருந்து மலைவாசல் வரை இரண்டு மணி நேரம் ஒதுக்குவது நல்லது. டோக்கியோவிலிருந்தே காரில் வருபவர்களுக்கு மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது.

கிராமத்தைத் தாண்டியபின் சாலை ஆற்றோடு ஒட்டி உள்ளே உள்ளே போகிறது. வீடுகள் முடிந்து, தொலைபேசிச் சமிக்ஞை மெலிந்து, எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டிய அளவுக்குப் பாதை குறுகிவிடும். மே மாதப் பயணத்தில் நான் அந்தச் சாலையில் கடந்தது ஒரே ஒரு சிறு லாரியைத்தான். அதன் ஓட்டுநர், வயதானவர், எனக்கு வழிவிட்டுத் தலைகுனிந்து கடந்தார். அந்தச் சாலையில் வருபவர்கள் எங்கே போகிறார்கள் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். சாலையில் உதிர்ந்த கற்கள் கிடக்கும், மான் குறுக்கே ஓடும்; வேகம் வேண்டாம். பெட்ரோலைக் கிராமத்துக்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இந்திய அல்லது இலங்கை ஓட்டுநர் உரிமத்துடன் ஜப்பானில் கார் ஓட்டலாமா?

உள்நாட்டு உரிமம் மட்டும் செல்லாது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாட்டின்படி வழங்கப்பட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் வேண்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கும் அந்த உடன்பாட்டில் உள்ள நாடுகள். புத்தகத்தின் அட்டையில் 1949 செப்டம்பர் 19 என்ற உடன்பாட்டுத் தேதி இருக்கிறதா என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சரிபாருங்கள், ஏனெனில் வாடகைக் கார் நிலையத்தில் முதலில் பார்ப்பது அதைத்தான். கடவுச்சீட்டும் ஊர் உரிமமும் உடன் இருக்க வேண்டும். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் வழக்கம் ஜப்பானிலும் இருப்பதால் நமக்குத் தடுமாற்றம் இராது.

ஏற்றம் எவ்வளவு கடினம்?

முன்பு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது. இறந்தவர்களின் பெற்றோரும் துணைவர்களும் முதுமை அடைந்துகொண்டே வந்ததால், அவர்களால் தொடர்ந்து ஏற முடிய வேண்டும் என்பதற்காகச் சாலை நீட்டிக்கப்பட்டது. இப்போது வாகன நிறுத்தத்திலிருந்து முகட்டின் முக்கிய நினைவுக்கல் வரை சுமார் 800 மீட்டர் தூரம், 180 மீட்டர் ஏற்றம். சாதாரண உடல்நலம் உள்ளவர்களுக்கு 30 முதல் 40 நிமிடங்கள் ஆகும். பாதையில் படிகள், கைப்பிடிகள், உட்காரும் பலகைகள், இடையில் ஒரு சிறு மலைக்குடில் உண்டு. மலைவாசலில் கைத்தடிகள் வைத்திருப்பார்கள். எடுத்துச் சென்று, இறங்கியதும் திரும்ப வைத்துவிடலாம்.

இதைப் படித்துவிட்டுச் செருப்போடு வந்துவிட வேண்டாம். சரிவு செங்குத்தானது, மழைக்குப் பின் மரப்படிகள் வழுக்கும், இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். பிடிமானமுள்ள காலணி, மழைக்கோட்டு, தண்ணீர், மேலே குளிருக்கு ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை, இவ்வளவும் போதும்.

மேலே பார்க்க என்ன இருக்கிறது?

‘பார்ப்பது’ என்ற சொல்லே இங்கே சற்று இடறுகிறது, ஆனாலும் கேள்வி நியாயமானது. பாதை ஓர் ஓடையின் ஓரமாகத் தொடங்குகிறது. சுகெனோசாவா என்று அழைக்கப்படும் அந்தப் பள்ளத்தில்தான், உடைந்த வால்பகுதி சரிந்து விழுந்த இடத்தில், மறுநாள் காலையில் நால்வரும் உயிரோடு கண்டெடுக்கப்பட்டார்கள். தேடியவர்களில் கிராமத்துத் தன்னார்வத் தீயணைப்புப் படையினரும் இருந்தனர். காட்டில் பிழைத்து வளர்ந்த அவர்களுக்கு அந்தப் பள்ளத்தாக்குகள் பழக்கமானவை.

அங்கிருந்து மேலே, சரிவு முழுவதும், மரப்பலகைகளும் சிறு கற்களும் நடப்பட்டிருக்கின்றன. ஒரு கல்லறைத் தோட்டத்தைப் போல வரிசையாக அல்ல. ஒவ்வொருவரும் எங்கே கண்டெடுக்கப்பட்டார்களோ அங்கே. அதனால் சில இடங்களில் பத்துப் பதினைந்து பலகைகள் நெருங்கி நிற்கும், பிறகு வெறும் காடு வரும், திரும்பினால் ஒரு மரத்தடியில் ஒன்று மட்டும் தனியாக நிற்கும். ஒரே குடும்பப் பெயர் மூன்று நான்கு பலகைகளில் அடுத்தடுத்து வரும்போது, ஜப்பானிய எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் அது கண்ணில் படும். ஒன்றின் முன்னால் சிவப்புத் துணி கட்டிய, குழந்தைகளைக் காப்பதாக நம்பப்படும் ஜிஸோவின் கல்லுரு, ஒன்றில் காகிதக் கொக்குகளின் சரம், இன்னொன்றில் நிறம் வெளுத்த பிளாஸ்டிக் காற்றாடி. நான் அக்டோபரில் சென்றபோது காற்றே இல்லை. ஆனால் ஒரு காற்றாடி மட்டும் நின்று நின்று சுழன்றுகொண்டிருந்தது. அதன் அருகே திறக்காத காபி டின் ஒன்று, துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது.

முதல்முறையாகத் தனியாக விமானம் ஏறி, பள்ளி பேஸ்பால் போட்டியைப் பார்க்கப் போன ஒன்பது வயதுச் சிறுவனின் நினைவுப் பலகையும் இந்தச் சரிவில்தான் இருக்கிறது. அவனுடைய தாய்தான் பிறகு இறந்தோர் குடும்பங்களின் சங்கத்தை நடத்திவந்தவர்.

முகட்டின் மேல் ‘ஷோகோன்-நோ-ஹி’, அதாவது ஆன்மாக்கள் மேலெழும் நினைவுக்கல், நிற்கிறது. அருகே ஒரு மணி. வருபவர்கள் அதை அடித்து வணங்குகிறார்கள். அங்கிருந்து எதிர்த்திசையில் பார்த்தால், அடுத்த முகட்டின் விளிம்பில் ஆங்கில ‘யூ’ எழுத்தைப் போல ஒரு வெட்டு தெரியும். மோதுவதற்குச் சில விநாடிகளுக்கு முன் விமானத்தின் சிறகு உழுதுசென்ற தடம் அது. மேலே இன்னும் சில கருகிய மரத்தண்டுகள் நிற்கின்றன. மற்றபடி நாற்பது ஆண்டுகளில் காடு நன்றாகவே வளர்ந்து மூடியிருக்கிறது.

உறவினரல்லாத வெளிநாட்டவர் போவதை இறந்தவர்களின் குடும்பத்தினர் விரும்புவார்களா?

பாதை எல்லோருக்கும் திறந்தது. அனுமதிச் சீட்டோ கட்டணமோ இல்லை. விபத்து மறக்கப்படக் கூடாது என்பதைக் குடும்பங்களின் சங்கம் தொடக்கம் முதலே சொல்லி வருகிறது. விமான நிறுவனத்தின் பணியாளர்களும் பயிற்சியின் ஒரு பகுதியாக இங்கே ஏறுகிறார்கள். அமைதியாக வருபவரை எவரும் தடுப்பதில்லை. எதிரே வருபவருக்குச் சிறிது தலைகுனிந்து ‘கொன்னிச்சிவா’ என்று சொன்னால் போதும். கைகூப்பி வணங்குவது அங்கேயும் அதே முறைதான். நமக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. பலகைகளுக்கு முன்னால் இருக்கும் எதையும் தொட்டு நகர்த்த வேண்டாம். பாதையில் கிடக்கும் உலோகத் துண்டு என்று எதையாவது பையில் போட்டுக்கொள்வது மன்னிக்க முடியாத செயல். பழம், இனிப்பு போன்றவற்றைப் படைத்துவிட்டு அப்படியே விட்டுச் செல்லவும் கூடாது, விலங்குகள் வரும்.

படம் எடுக்கலாமா?

நினைவுக்கல்லையும் மலைக்காட்சியையும் எடுப்பதில் தவறில்லை. பெயர்கள் வாசிக்கும்படி பலகைகளை நெருங்கி எடுப்பதையும், வணங்கிக்கொண்டிருப்பவர்களை எடுப்பதையும், சிரித்த முகத்தோடு தன்படம் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும். டிரோன் வேண்டாம். இது என் கருத்து. ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 12 அன்று போவது சிறப்பு அல்லவா?

அந்த நாள் குடும்பங்களுக்கானது. முந்தைய நாள் மாலை கன்னா ஆற்றில் விளக்குகளை மிதக்க விடுகிறார்கள். 12ஆம் தேதி காலை முதல் குடும்பங்கள் ஏறுகின்றன. முகட்டில் மணி ஒலிக்கிறது. சிலர் பிள்ளைகளுக்காகச் சோப்பு நுரைக் குமிழிகளை ஊதிப் பறக்கவிடுகிறார்கள். மாலையில் கிராமத்து நினைவுத் தோட்டத்தில் 520 மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டு, 6.56 மணிக்கு மௌனம் கடைப்பிடிக்கப்படுகிறது. குறுகிய சாலையும் சிறிய வாகன நிறுத்தமும் அன்று அவர்களுக்கே போதாது. எண்பது வயதைக் கடந்த ஒருவர் தன் மகனின் பலகையை அடைய வண்டி நிறுத்த இடம் தேடும் நாளில், நம் வண்டி அங்கே நிற்க வேண்டியதில்லை. வேறொரு நாளில் செல்லுங்கள்.

கரடி இருக்கிறதா?

இருக்கிறது. ஜப்பானின் கருங்கரடி குன்மா மலைகளில் வாழ்கிறது. பையில் ஒரு மணியைக் கட்டிக்கொள்ளுங்கள், தனியாகவும் அந்தி நேரத்திலும் போக வேண்டாம், உணவைத் திறந்து வைக்க வேண்டாம். உதவிக்கு 119, காவல்துறைக்கு 110. ஆனால் மேலே தொலைபேசியை நம்பி இருக்க முடியாது. எப்போது திரும்புவீர்கள் என்பதை யாரிடமாவது சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

உணவும் தங்குமிடமும் கிடைக்குமா?

கிராமத்தில் சில சிறு விடுதிகளும், சாலையோர ஓய்வு நிலையத்தில் உணவகமும் உள்ளன. காட்டுப்பன்றியையும் வீட்டுப்பன்றியையும் கலந்து வளர்த்த ‘இனோபுத்தா’ இறைச்சி அந்த ஊரின் பெருமை. சைவ உணவினர் இதில் மாட்டிக்கொள்வார்கள், ஏனெனில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். தகாசாகியிலேயே உப்பிட்ட பிளம் வைத்த சோற்றுருண்டைகளும் பழமும் வாங்கிக்கொள்வதே நிம்மதி. எங்கள் வண்டியில் புளியோதரைப் பொட்டலம் இருந்தது. இறங்கி வந்து வண்டிக்குள் அமர்ந்துதான் சாப்பிட்டோம்.

பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாமா?

படியேறப் பழகிய முதியோர் மெதுவாக ஏறிவிடுவார்கள். சக்கர நாற்காலிக்குப் பாதை இல்லை. குழந்தைகளைப் பொறுத்தவரை தூரம் சிக்கலல்ல, ஓடி விளையாடக் கூடாத இடம் என்பதுதான். எதற்காக வந்திருக்கிறோம் என்று சொன்னால் புரிந்துகொள்ளும் வயதில் அழைத்து வாருங்கள்.

ஏற முடியாதவர்கள் என்ன செய்யலாம்?

இரண்டு இடங்கள் உள்ளன. முதலாவது, கிராமத்திலேயே உள்ள ‘இரெய்-நோ-சோனோ’ என்ற நினைவுத் தோட்டம். கூப்பிய இரு கைகளைப் போன்ற கோபுரம் முகட்டின் திசையை நோக்கி நிற்கிறது. அதன் பின்னே, யாருடையவை என்று அடையாளம் காண முடியாத எலும்புகள் 123 கலசங்களில் வைக்கப்பட்டுள்ளன. வண்டி வாசல் வரை செல்லும். முகட்டுக்குப் போகிறவர்களும் முதலில் இங்கே வருவது நல்லது. சிறு காட்சிக்கூடத்தைப் பார்த்துவிட்டு மலைக்குப் போனால், மேலே எதையும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

இரண்டாவது, ஹனேடா விமான நிலையப் பகுதியில் ஜப்பான் ஏர்லைன்ஸ் 2006இல் திறந்த பாதுகாப்பு மையம். பிளந்த தடுப்புச் சுவரும், மீட்கப்பட்ட வால்பகுதியும், நசுங்கிய இருக்கைகளும், அந்த 32 நிமிடங்களில் பயணிகள் தங்கள் வீட்டாருக்கு எழுதிய குறிப்புகளும் அங்கே இருக்கின்றன. முன்பதிவு கட்டாயம், விளக்கம் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் இருக்கும் என்பதால், மொழி தெரிந்த ஒருவரோடு செல்லுங்கள். சுவரின் முன்னால் நிற்கும்போது, ரிவெட்டு வரிசையில் கிழிசல் எங்கே ஓடியிருக்கிறது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்கள்.